இயந்திரக் கண்ணும் படத்தின் அளவும்

நுழையும்முன்

காண்பது கண்ணின் தொழில். கண்டதை இன்னதென்று அறிவது மூளையின் தொழில். இவ்விரு தொழில்களையும் இயந்திரத்துக்குக் கற்பிக்கும் அறிவியல் துறை கணினிப் பார்வை எனப்படுகிறது. இத்துறையில் படங்களைச் சிறிதாக்குவதும் பெரிதாக்குவதும் அன்றாட வேலை. எளியதாகத் தோன்றும் அவ்வேலையில், ஓர் எழுத்தின் புள்ளியும் ஒரு நோயின் முதல் அறிகுறியும் காணாமற் போகக்கூடும். படத்தின் அளவை மாற்றுவதால் இயந்திரம் பெறுவது என்ன, இழப்பது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தெருமுனையில் தாய்

தெருமுனையில் வரும் தாய், வாசலில் நிற்கும் குழந்தையின் கண்ணுக்கு விரலளவே தெரிகிறாள். வாசலை அடையும்போது அவள் உருவம் பார்வை முழுவதையும் நிறைக்கிறது. ஆயினும், இரு நிலையிலும் தாய் ஒருத்தியே என்பதில் குழந்தைக்கு ஐயமே எழுவதில்லை. உருவத்தின் அளவு மாறினாலும் பொருள் மாறுவதில்லை என்னும் இந்த அறிவை எவரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. நாள்தோறும் அருகிலும் தொலைவிலும் பொருள்களைக் கண்டு பழகியதால் அது நமக்கு வாய்த்தது.

இயந்திரத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை. அதன்முன் தெருவும் இல்லை, தொலைவும் இல்லை. நாம் கொடுக்கும் படங்களே அதற்கு உலகம். அருகில் எடுத்த பூனைப் படங்களை மட்டும் காட்டிப் பயிற்றினால், மதில்மேல் தொலைவில் அமர்ந்திருக்கும் பூனையைக் காணும்போது அது தடுமாறக்கூடும். எனவே, குழந்தை இயல்பாகப் பெற்ற அனுபவத்தை இயந்திரத்துக்கு நாம்தான் உருவாக்கித் தர வேண்டியுள்ளது.

எண்களால் ஆன படம்

கணினியைப் பொறுத்தவரை ஒரு படம் என்பது எண்களின் கட்டம். படத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்தின் ஒளியையும் ஓர் எண்ணால் குறிக்கின்றனர். அச்சதுரமே படப்புள்ளி (பிக்சல்) எனப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில், வழக்கமாக, முழுக் கறுப்பை 0 என்றும் முழு வெள்ளையை 255 என்றும் கொள்வர். வண்ணப் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எண்கள் உண்டு.

1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ், கைக்குழந்தையாயிருந்த தம் மகனின் ஒளிப்படத்தைக் கணினிக்குள் செலுத்தினார். அப்படத்தின் அளவு 176 × 176. அதாவது 30,976 படப்புள்ளிகள். இன்றைய கைப்பேசி ஒன்று எடுக்கும் படத்திலோ ஒரு கோடிக்கும் மேற்பட்ட படப்புள்ளிகள் இருப்பது இயல்பாகிவிட்டது.

இத்தனை எண்களையும் அப்படியே இயந்திரத்துக்குள் செலுத்தினால் நினைவகமும் நேரமும் போதா. மேலும், படங்களை வகைப்படுத்தும் செயற்கை நரம்பு வலைப்பின்னல்கள் பல, உள்ளே வரும் படம் குறிப்பிட்ட ஓர் அளவில்தான் இருக்க வேண்டும் என்ற அமைப்புடன் உருவாக்கப்பட்டவை. இலட்சக்கணக்கான படங்களைத் தொகுதி தொகுதியாகக் கையாள்வதற்கும் ஒரே அளவு தேவைப்படுகிறது. ஆகவே, பயிற்சியின் முதற்படியே படங்களின் அளவை மாற்றுவதாக அமைகிறது.

ஒன்றைப் பலவாக்கும் கலை

ஒரே மாதிரி வினாத்தாளை மனப்பாடம் செய்த மாணவர், வினா சற்று மாறியதும் திகைத்து நிற்பார். குறைந்த படங்களை வைத்துப் பயிற்றப்பட்ட இயந்திரமும் அத்தகையதே. அது பொருளைக் கற்பதற்கு மாறாக, அந்தப் படங்களையே நெட்டுருச் செய்துவிடுகிறது. இக்குறைபாட்டை மிகைப்பொருத்தம் என்பர்.

இதற்கு மருந்து, பயிற்சிப் படங்களின் வகையைப் பெருக்குவதாகும். புதிய படங்களைத் திரட்டுவது செலவு மிகுந்த செயல். ஒவ்வொன்றுக்கும் 'இது இன்னது' என்று மனிதர் பெயரிட வேண்டும். எனவே, இருக்கும் படங்களையே பெரிதாக்கியும், சிறிதாக்கியும், ஒரு பகுதியை வெட்டியெடுத்தும், சற்றே நகர்த்தியும் புதிய பயிற்சிப் படங்களை உண்டாக்குகின்றனர். இம்முறைக்குத் தரவுப் பெருக்கம் என்பது பெயர். பெயர் மாறாமல் தோற்றம் மட்டும் மாறுவதே இதன் அடிப்படை.

யான் லெகுனும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான சான்று. கையால் எழுதிய எண்களை அடையாளம் காணும் வலைப்பின்னல் ஒன்றை 60,000 படங்களைக் கொண்டு பயிற்றினர். அதன் பிழை 0.95 விழுக்காடாக இருந்தது. பின்னர் அப்படங்களை நகர்த்தியும், அளவு மாற்றியும், நெருக்கியும், சாய்த்தும் பெற்ற 5,40,000 படங்களைச் சேர்த்துப் பயிற்றியபோது பிழை 0.8 விழுக்காடாகக் குறைந்தது. புதிதாக ஒருவரும் ஓர் எண்ணையும் எழுதித் தரவில்லை. பழைய படங்களே புதிய பாடங்களாயின.

2012ஆம் ஆண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சுட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் ஆகிய மூவரும் இமேஜ்நெட் படப்போட்டியில் பெற்ற வெற்றி இத்துறையின் போக்கையே மாற்றியது. அவர்கள் ஏறத்தாழ 12 இலட்சம் படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் குறுகிய பக்கத்தையும் 256 படப்புள்ளிகளாக்கி, நடுவிலிருந்து 256 × 256 அளவுள்ள சதுரத்தை வெட்டினர். அதிலிருந்து 224 × 224 அளவுள்ள பகுதிகளைத் தற்செயலான இடங்களில் வெட்டியெடுத்ததோடு, அவற்றின் கண்ணாடிப் பிம்பங்களையும் பயன்படுத்தினர். இதனால் பயிற்சித் தரவு 2048 மடங்கு பெருகியதாகக் கணக்கிட்டனர். ஈராண்டுகளுக்குப் பின் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், குறுகிய பக்கத்தை ஒரே அளவில் நிறுத்தாமல் 256 முதல் 512 வரை தற்செயலாக மாற்றிப் பயிற்றி, பொருள் சிறிதாகத் தெரிந்தாலும் பெரிதாகத் தெரிந்தாலும் அடையாளம் காணும் திறனை வளர்த்தனர். தெருமுனைத் தாயும் வாசற்படித் தாயும் ஒருத்தியே என்னும் பாடம் இவ்வாறுதான் இயந்திரத்துக்குக் கற்பிக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

640 × 480 அளவுள்ள படத்தை 224 × 224 சதுரத்துக்குள் வலிந்து அடைத்தால் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அகலத்தை 224 ஆக்கினால் அதே விகிதத்தில் உயரம் 168 ஆகும். எஞ்சிய 56 வரிசைகளை மேலே 28, கீழே 28 எனப் பிரித்து வெற்றுநிறத்தால் நிரப்பினால் உருவம் சிதையாது. இங்கு இழப்பது இடம்; முன்னதில் இழப்பது வடிவம்.

புள்ளி மறையும் கணக்கு

அளவை மாற்றும்போது எண்களுக்கு என்ன நேர்கிறது என்பதை ஒரு தமிழெழுத்தைக் கொண்டே பார்க்கலாம். 'பல்' என்னும் சொல்லில் லகரத்தின் தலைமேல் உள்ள புள்ளி நீங்கினால் அது 'பல' ஆகிவிடும். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் சுவடிகளில் புள்ளியைப் பெரும்பாலும் தவிர்த்தனர். அதனால் பிற்காலத்தில் அச்சுவடிகளைப் படித்தவர்கள் அடைந்த இடர்ப்பாட்டைப் பதிப்பு வரலாறு கூறும். புள்ளியின் அருமை நம் மொழிக்குப் புதியதன்று.

இப்போது ஒரு வெள்ளைத் தாளின் படத்தில், அந்தப் புள்ளி ஒரேயொரு படப்புள்ளி அளவில் பதிந்துள்ளதாகக் கொள்வோம். அதன் மதிப்பு 15. சுற்றியுள்ள வெண்மையின் மதிப்பு 255. படத்தைப் பாதியளவாகச் சிறிதாக்கும்போது, இரண்டுக்கு இரண்டாக அமைந்த நான்கு படப்புள்ளிகளுக்கு ஈடாக ஒரே படப்புள்ளி வர வேண்டும்.

இதற்கு இரு வழிகள் உள்ளன. முதல்வழி, நான்கில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடுவது. எடுத்தது வெள்ளையாயின் புள்ளி அடியோடு மறையும். கட்டம் போட்ட சட்டை அணிந்தவர் தொலைக்காட்சியில் தோன்றும்போது, துணியில் இல்லாத அலைகள் நெளிவதைக் கண்டிருப்போம். மாதிரிகளைப் போதிய நெருக்கத்தில் எடுக்காததால் தோன்றும் பொய்க்கோலம் அது. படப்புள்ளிகளை இடைவிட்டுப் பொறுக்குவதால் சிறிதாக்கிய படத்திலும் அத்தகைய பொய்க்கோலம் தோன்றும்.

இரண்டாம் வழி, நான்கின் சராசரியைக் காண்பது. 255, 255, 255, 15 ஆகியவற்றின் சராசரி 195. புள்ளி மங்கினாலும் அதன் சுவடு எஞ்சுகிறது. ஆனால், அப்படத்தை மீண்டும் பாதியாக்கினால் அம்மதிப்பு 240 ஆகும். மூன்றாம் முறை 251ஐ எட்டும். வெண்மையாகிய 255க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு வெறும் நான்கு. புள்ளி தாளோடு தாளாகக் கரைந்துவிட்டது. சராசரி காணும் வழி நாணயமானதுதான். எனினும் அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் அதனாலும் புள்ளியைக் காக்க இயலாது.

பெரிதாக்குவதும் இடைச்செருகலும்

சிறிய படத்தைப் பெரிதாக்கும்போது சிக்கல் வேறுவகையானது. முன்பு இல்லாத இடங்களுக்குப் புதிய எண்கள் வேண்டும். 100, 200 என அடுத்தடுத்து உள்ள இரு படப்புள்ளிகளுக்கு நடுவே புதியதொன்று தேவைப்பட்டால், 150 என்று இட்டு நிரப்புகின்றனர். சுற்றியுள்ள நான்கு படப்புள்ளிகளையோ பதினாறு படப்புள்ளிகளையோ கருதிப் புதிய மதிப்பைக் கணக்கிடும் முறைகளும் உள்ளன.

கணிதத்தில் இதற்கு வழங்கும் பெயர் இடைச்செருகல். இலக்கிய மாணவர்களுக்கு இச்சொல் நன்கு அறிமுகமானது. மூலநூலாசிரியர் எழுதாது, பிற்காலத்தவர் பாடல்களுக்கு இடையே புகுத்தியவற்றை இடைச்செருகல் என்கிறோம். கணினி செருகும் எண்ணும் அத்தன்மையதே. அது பொருந்தித் தோன்றலாம். ஆனால் ஒளிப்படக்கருவி கண்டதன்று. மறைந்த புள்ளியைப் பெரிதாக்கல் மீட்டுத் தராது. எனவே, மூலப்படத்தை அழிக்காமல் காத்துவைப்பது இத்துறையின் முதல் ஒழுங்காகும்.

விழித்திரையில் ஒரு செம்புள்ளி

எழுத்தின் புள்ளி மறைந்தால் பொருள் மாறும். நோயின் புள்ளி மறைந்தால் பார்வையே போகலாம். நீரிழிவு நோயாளிகளின் விழித்திரையில் உள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள் முதலில் சிறு புடைப்புகளாகப் பருக்கின்றன. விழித்திரைப் படத்தில் அவை சிறு செம்புள்ளிகளாகத் தெரியும். நீரிழிவு விழித்திரை நோயின் முதல் அறிகுறி இதுவே. இந்நிலையில் நோயாளிக்கு வலியில்லை, பார்வையும் குறைவதில்லை. ஆகையால், படமே அவருக்கு முன்னெச்சரிக்கை.

2016ஆம் ஆண்டு கூகுள் ஆய்வாளர்கள், இந்நோயைப் படம் பார்த்துக் கண்டறியும் வலைப்பின்னல் ஒன்றைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு அது பயிற்றப்பட்டது. அமெரிக்காவிலிருந்து பெற்ற படங்களோடு, அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அவ்வாய்வில் இடம்பெற்றன. ஒவ்வொரு படத்திலும் விழித்திரை வட்டத்தின் விட்டம் 299 படப்புள்ளிகளாக மாற்றப்பட்டது. மருத்துவரின் மேற்பார்வைக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்களைக் கண்டறிவதில் அது உயர்ந்த துல்லியத்தைக் காட்டியது. ஆனால், நோயின் தொடக்க நிலையைக் காண இந்த அளவு எவ்வளவு உதவும் என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

விழித்திரையை 45 பாகைக் கோணத்தில் எடுக்கும் படத்தில் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பு அடங்கும். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரான். 13,000 மைக்ரானை 299ஆல் வகுத்தால், ஒரு படப்புள்ளிக்கு ஏறத்தாழ 43 மைக்ரான் வருகிறது. 50 மைக்ரான் அகலமுள்ள ஒரு புடைப்பு இப்படத்தில் ஒரு படப்புள்ளிக்குச் சற்றே மிகுதியான இடத்தைப் பெறும். 2000 படப்புள்ளி அகலமுள்ள மூலப்படத்திலோ அதே புடைப்பு ஏழெட்டுப் படப்புள்ளி அகலத்தில் தெளிவாகத் தெரியும். 'பல்' என்பதன் புள்ளிக்கு நேர்ந்ததே இச்செம்புள்ளிக்கும் நேர்கிறது.

2018இல் வெளியான தொடர் ஆய்வில் படத்தின் அளவு 779 × 779 ஆக உயர்த்தப்பட்டது. அப்போது ஒரு படப்புள்ளிக்கு ஏறத்தாழ 17 மைக்ரான். அதே புடைப்பு மூன்று படப்புள்ளி அகலம் பெறுகிறது. ஆனால், படப்புள்ளிகளின் எண்ணிக்கை 89,401லிருந்து 6,06,841ஆக, ஏறத்தாழ ஏழு மடங்காகிறது. கணினியின் உழைப்பும் அதற்கேற்ப மிகும். எந்த அளவைத் தேர்வது என்பது இவ்வாறு செலவுக்கும் காட்சிக்கும் இடையிலான முடிவாகிறது. அம்முடிவை எடுப்பவர், தாம் தேடும் பொருள்களுள் மிகச் சிறியது எத்தனை படப்புள்ளிகளைப் பெறும் என்று முதலில் கணக்கிட வேண்டும்.

அளவே பொருளாகும் இடங்கள்

பூனையைப் பெரிதாக்கினாலும் பூனையே. ஆனால், எல்லாப் பொருள்களுக்கும் இவ்விதி பொருந்தாது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகையில் சிவப்பணுக்கள் இயல்பைவிடச் சிறுத்துக் காணப்படும். இயல்பான சிவப்பணுவின் விட்டம் ஏழு முதல் எட்டு மைக்ரான். நுண்ணோக்கிப் படங்களைத் தற்செயலாகப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பயிற்றினால், 'அளவைப் பொருட்படுத்தாதே' என்று இயந்திரத்துக்குக் கற்பிக்கிறோம். இங்கு அளவே நோயின் அடையாளம். நாம் கற்பித்த பாடமே அதன் கண்ணை மறைத்துவிடும்.

வெட்டியெடுப்பதிலும் இத்தகைய இடர் உண்டு. 2014ஆம் ஆண்டின் இமேஜ்நெட் போட்டியில் வென்ற கூகுள் குழுவினர், படத்தின் பரப்பில் 8 விழுக்காடு முதல் 100 விழுக்காடு வரையுள்ள பகுதிகளைத் தற்செயலாக வெட்டி, குறித்த அளவுக்கு மாற்றிப் பயிற்றினர். படம் முழுவதும் நிறைந்திருக்கும் யானைக்கு இது ஏற்றதே. அதையே விழித்திரைப் படத்துக்குச் செய்தால், வெட்டிய பகுதியில் செம்புள்ளி இல்லாமலே போகலாம். 'நோயுள்ளது' என்னும் பெயரோ மாறாமல் நிற்கும். நலமான பகுதியை நோயென்று கற்பிக்கும் பொய்ப்பாடம் அது.

விடைத்தாளும் மாற வேண்டும்

படத்தை மாற்றும்போது அதற்குரிய குறிப்புகளையும் உடன் மாற்ற வேண்டும். படத்தில் ஒரு வண்டியைச் சுற்றிச் செவ்வகம் வரைந்திருந்தால், படம் பாதியாகும்போது செவ்வகத்தின் ஆயத்தொலைவுகளும் பாதியாக வேண்டும். இல்லையேல் செவ்வகம் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கும்.

ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பெயரிடும் பணியில் இன்னும் விழிப்பு வேண்டும். சாலைக்கு 1, மரத்துக்கு 2, கட்டடத்துக்கு 3 எனக் குறியெண்கள் இட்டிருப்பதாகக் கொள்வோம். சாலையும் கட்டடமும் சந்திக்கும் எல்லையில் சராசரி கண்டால் 2 கிடைக்கும். இல்லாத மரங்கள் வரிசையாக முளைத்துவிடும். எனவே, படத்துக்குச் சராசரி முறையையும், குறியெண்களுக்கு அருகிலுள்ள ஒன்றை அப்படியே எடுக்கும் முறையையும் கையாள்கின்றனர். ஓரிடத்தில் குறையாக இருந்த முறை மற்றோரிடத்தில் பொருத்தமாகிறது.

பயிற்சியும் சோதனையும் ஒத்திருப்பதும் இன்றியமையாதது. தற்செயலாக வெட்டிப் பெரிதாக்கிய படங்களில், சோதனைப் படங்களில் உள்ளதைவிடப் பொருள்கள் பெரியனவாகத் தோன்றும். இவ்வேறுபாட்டை 2019இல் ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். 224 அளவில் பயின்ற வலைப்பின்னல், அதைவிடச் சற்றுப் பெரிய படங்களைக் கொண்டு சோதிக்கும்போது மேலும் நன்றாகச் செயல்படுவதையும் அவர்கள் நிறுவினர்.

முடிவாக

தரவுப் பெருக்கம் என்பது படங்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டும் வேலையன்று. ஒவ்வொரு மாற்றத்தின் வழியாகவும், 'இது மாறினாலும் பொருள் மாறாது' என்று இயந்திரத்துக்கு ஓர் உறுதி அளிக்கிறோம். அவ்வுறுதி உண்மையா என்பதை இயந்திரம் சோதித்தறியாது. அத்துறை அறிந்த மனிதரே சொல்ல வேண்டும். சிவப்பணுவின் அளவு முதன்மையானது என்பதை மருத்துவர் அறிவார். புள்ளி நீங்கினால் 'பல்' 'பல' ஆகும் என்பதைத் தமிழ் கற்றவர் அறிவார். ஆதலால், இயந்திரத்துக்குப் பார்க்கக் கற்பிக்கும் பணி கணினி வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. தத்தம் துறையில் எது சிறிது, எது அரிது என்று அறிந்த அனைவருக்கும் அதில் பங்குண்டு. படத்தைச் சிறிதாக்குமுன், அதில் இழக்கக்கூடாத மிகச் சிறிய பொருள் எது என்று கேட்பதே அப்பணியின் தொடக்கமாகும்.

கற்பவை கற்றபின்...

1. கட்டத்தாளில் 8 × 8 சதுரங்களுக்குள் 'க்' என்னும் எழுத்தை வரைக. இரண்டுக்கு இரண்டாகச் சராசரி கண்டு 4 × 4 ஆகவும் 2 × 2 ஆகவும் மாற்றி, புள்ளி எந்நிலையில் மறைகிறது என்பதைக் குறிப்பிடுக.
2. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் பொருள் மாறாத காட்சிகள் மூன்றும், அளவு மாறினால் பொருள் மாறும் காட்சிகள் மூன்றும் உங்கள் சுற்றுப்புறத்திலிருந்து தொகுத்து, வகுப்பறையில் கலந்துரையாடுக.
3. 'இடைச்செருகல்' என்னும் சொல் இலக்கியத்திலும் கணிதத்திலும் பெறும் பொருளை ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.